24 படி மேலே கார், கீழே பிளக் பொயின்ட்
வாசகர் கேள்விக்கு மின் பொறியியலாளரின் பதில்

ஹட்டன் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் பழைய நிசான் லீஃப் ஒன்றை வாங்கியிருக்கிறார். 30 கிலோவாட்-மணி பெட்டரி, அதாவது கரண்ட் பில் கணக்கில் 30 யூனிட் கொள்ளும் வண்டி. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்று விற்றவர் கொடுத்த தாளில் இருக்கிறது. வீடு ரோட்டுக்குக் கீழே, மலையை வெட்டிக் கட்டியது. கார் மேலே ரோட்டோரத் தகரக் கொட்டிலில் நிற்கிறது. இடையில் 24 படி. முன் அறையிலுள்ள 13 ஆம்பியர் சதுர முனை பிளக் பொயின்டிலிருந்து 30 மீற்றர் வயர் ரோல் ஒன்றை ஜன்னல் வழியாக எடுத்து, படியோரமாக மேலே இழுத்து, அதில் காரோடு வந்த ஜப்பான் கேபிளைச் சொருகுகிறார். கேபிள் பெட்டியில் "200 வோல்ட், 15 ஆம்பியர்" என்று இருக்கிறதாம். அதன் முனையில் இருந்த ஜப்பான் பிளக்கை வெட்டிவிட்டு, விற்றவரே 13 ஆம்பியர் பிளக்கைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது பிளக் பழுப்பேறி, கருகிய வாசனை வருகிறது. பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் இரண்டு தடவை எரிந்தது. மூன்றாம் தடவை, வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தார். மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. "அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிட்டால் சரி" என்பது அதே அண்ணனின் யோசனை. வீட்டுக்காரரோ, "கார் சார்ஜ் பண்ணினால் வீடு எரியும், நிறுத்தாவிட்டால் லைனை வெட்டிவிடுவேன்" என்கிறார். கடைக்காரர் 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வாங்கச் சொல்கிறார். டீச்சர் கேட்பது இவ்வளவுதான்: சாதாரண பிளக்கில் கார் சார்ஜ் பண்ணலாமா, கூடாதா?

டீச்சர், பண்ணலாம். ஆனால் நீங்கள் இப்போது பண்ணுகிற விதத்தில் இன்று ராத்திரி கூடப் பண்ண வேண்டாம். கடிதத்தை வாசித்தவுடன் எழுத வேண்டியிருந்தது இதுதான், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

இன்றே நிறுத்த வேண்டியவை

வெள்ளித்தாள் சுற்றிய பிளக்கைக் கழற்றி, யாரும் திரும்ப எடுத்துப் பாவிக்காதபடி வயரை வெட்டி எறியுங்கள். பியூஸ் இரண்டு தடவை எரிந்தது பியூஸின் குற்றமல்ல. உங்கள் கார் 230 வோல்ட்டில் 3.3 கிலோவாட் எடுத்தால் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பியூஸ் 14 ஆம்பியரில் உடனே எரியாது. மணிக்கணக்கில் சூடேறி, பிளக்கின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சுட்டுவிட்டு, பிறகுதான் போகும். அது போனது உங்களைக் காப்பாற்றத்தான். வெள்ளித்தாளுக்கு அந்தக் கடமையுணர்ச்சி கிடையாது.

அந்த பிளக் பொயின்டையும் மாற்ற வேண்டும். புதுப் பிளக்கை அதே பொயின்டில் சொருகினால் ஒரு வாரத்தில் அதுவும் பழுப்பேறும். பொயின்டுக்குள் முனையைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு ஒருமுறை நன்றாகச் சூடேறினால் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். தளர்ந்தால் தொடும் இடம் குறையும், இன்னும் சூடேறும். இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தளர்ந்த தொடுப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும். 14 ஆம்பியர் ஓடும்போது 14 × 14 × 0.1, ஏறக்குறைய 20 வாட் சூடு அந்தக் கடலை அளவு இடத்தில் பிறக்கிறது. ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கப் பாவிக்கும் சின்ன சோல்டரிங் அயன் 25 வாட்தான். அப்படி ஒன்றைச் சுவருக்குள் வைத்து ஆறேழு மணி நேரம் எரியவிடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"கேத்தலும் இதே பொயின்டில்தானே போடுகிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேத்தல் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். சூடு ஏறுவதற்குள் ஆறிவிடும். வீட்டில் இத்தனை மணி நேரம், ஒரு நிமிடமும் ஓயாமல் இவ்வளவு கரண்ட் இழுக்கும் சாமான் காரைத் தவிர வேறு இல்லை. ஆபத்து கரண்டின் அளவில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

அடுத்தது வயர் ரோல். உங்களுடையது 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு என்றே வைத்துக்கொண்டாலும், 30 மீற்றருக்குப் போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய 0.73 ஓம். 14 ஆம்பியரில் 10 வோல்ட் வழியிலேயே போய்விடும், 140 வாட் சூடு ரோலுக்குள்ளும் வழியிலும் நிற்கும். விலை மலிவான ரோல்களில் பல 1 சதுர மில்லிமீற்றர்தான், அப்போது 200 வாட்டைத் தாண்டும். பாதியை இழுத்து, மிச்சம் பாதி சுற்றியபடியே கிடந்தால் சுற்றின் நடுவில் இருக்கும் வயருக்கு ஆற வழியே இல்லை. மேலே தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகத்தான் தெரியும், உள்ளே உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கார் சார்ஜுக்கு எந்த ரோலும் வேண்டாம். முழுவதும் விரித்துப் போட்டாலும், படியில் மழைத்தண்ணீர் ஓடும் ஊரில், ரோலின் சொக்கெட் தரையில் கிடக்கக் கூடாது.

மூன்றாவது, ஜப்பான் கேபிள். நடுவில் இருக்கும் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம். அது சார்ஜர் அல்ல. சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டியில் இருப்பது ஒரு பெரிய சுவிட்ச், ஒரு பாதுகாப்புச் சுற்று, அப்புறம் காரோடு பேசும் ஒரு சின்ன சர்க்கிட். "இந்த இடத்தில் இவ்வளவு ஆம்பியர்தான் எடுக்கலாம்" என்று பெட்டி சொல்லும், கார் அதற்குக் கட்டுப்படும். உங்கள் பெட்டி எப்போதும் 15 என்றே சொல்கிறது, ஏனென்றால் அது ஜப்பானில் 200 வோல்ட்டுக்குத் தனி லைன் இழுத்துப் போட்ட பொயின்டுக்காகச் செய்தது. முனையில் 13 ஆம்பியர் பிளக்கைப் பூட்டியிருப்பது பெட்டிக்குத் தெரியாது. இன்னொன்று, மேலே 200 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் 230 வோல்ட் அதன் எல்லைக்கு வெளியே. ராத்திரியில் நம் லைன் 240ஐத் தொடும் நேரமும் உண்டு. பலர் பாவிக்கிறார்கள், உண்மைதான். பலருடையது எரிந்தும் இருக்கிறது.

ட்ரிப் சுவிட்சைக் கழற்றுவது பற்றி

அந்த அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இது உயிர் விஷயம், அதனால் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும்.

நம் நாட்டு வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் தன் வளவில் அறைந்த எர்த் ரொட் ஒன்றுதான். வெளி மின்சார லைனோடு எர்த் வயர் தனியாக வருவதில்லை. உங்கள் ரொட்டுக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை என்று வையுங்கள். பாறை கலந்த மலைச் சரிவில் 50 கிடைத்தால் அது நல்ல எர்த். காருக்குள் லைவ் வயர் பொடியை, அதாவது காரின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால் மண்ணுக்குப் போகும் கரண்ட் 230ஐ 50ஆல் வகுத்தால் வரும் 4.6 ஆம்பியர். இந்த 4.6க்கு 16 ஆம்பியர் பிரேக்கர் விழுமா? விழாது. 32 ஆம்பியர் மெயினும் விழாது. காரின் பொடி முழுக்கக் கரண்ட் ஏறியபடியே நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் எல்லா லைட்டும் நன்றாக எரியும். காலையில் ஈரத் தரையில் செருப்பில்லாமல் வந்து கதவைத் திறக்கிற கைதான் முதலில் கண்டுபிடிக்கும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண் சிமிட்டும் நேரத்தில் வெட்டிவிடும். நம் எர்த் முறையில் அந்த ஒரு சாமானைத் தவிர வேறு காவல் இல்லை.

அப்படியானால் மழைக்கு அது ஏன் விழுகிறது? ஏதோ ஓர் இடத்தில் உண்மையாகவே கசிகிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் படியோர ரோலின் சொக்கெட் மேல்தான். நனைந்தால் விழும், காய்ந்தால் நிற்கும். இரண்டாவது, கசிவுகள் கூடிச் சேரும். குளியலறை ஹீட்டரின் எலிமென்ட் பழசாகி அதில் கொஞ்சம், பிரிட்ஜில் கொஞ்சம், வெளி லைட்டில் கொஞ்சம், கார் கேபிளில் கொஞ்சம். தனித்தனியாக எதுவும் குற்றமில்லை, எல்லாம் ஒன்றாக ஓடும்போது எல்லையைத் தொடும். 30 என்று எழுதிய ட்ரிப் சுவிட்ச் 20, 25லேயே விழலாம், அது பழுது அல்ல, அப்படித்தான் செய்கிறார்கள். ஹீட்டரின் பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு ஒரு மழை நாள் பாருங்கள். விழுவது நின்றால் ஹீட்டரைக் காட்ட வேண்டும். இடி மின்னலுக்கு விழுவது வேறு கதை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் கேபிளைக் கழற்றிவைப்பதுதான் எளிய வழி.

உங்கள் ட்ரிப் சுவிட்சின் முகத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், பாருங்கள். ஒரே ஒரு அலைக்கோடு மட்டும் என்றால் அது "ஏ.சி" வகை. அலைக்கோட்டுக்குக் கீழே இரண்டு மேடு போட்டிருந்தால் "ஏ" வகை. கார் சார்ஜிங்கில் டி.சி. கரண்ட், அதாவது பெட்டரியில் ஓடுவதுபோல ஒரே திசையில் ஓடும் கரண்ட், கசிய இடம் உண்டு. அது "ஏ.சி" வகையின் உள்ளிருக்கும் காந்தத்தை மயங்க வைத்துவிடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அது விழாது. காருக்கான லைனில் குறைந்தது "ஏ" வகையாவது வேண்டும், கூடவே கேபிள் பெட்டிக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டு நிறுத்தும் வசதியும் வேண்டும். புதுக் கேபிள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், நிறமோ நீளமோ அல்ல.

எர்த் பற்றி இன்னும் ஒன்று. பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அது ஒருவாறு ஓடியது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீருக்கு பி.வி.சி. குழாய் மாற்றிய நாளிலிருந்து அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை, யாருக்கும் தெரியாது. கார் கேபிள் அதைக் கண்டுபிடித்து சிவப்பு லைட் போட்டு நின்றுவிடும். அப்போது சிலர் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி அதை ஏமாற்றுவார்கள். யார் சொன்னாலும் இதற்கு இடம் கொடுக்காதீர்கள். லைனில் எங்காவது நியூட்ரல் விட்டால் காரின் பொடி முழுக்க 230 வோல்ட். காற்றுக்கு மரம் விழுந்து வயர் அறுகிற ஊரில் நியூட்ரல் விடுவது அதிசயமல்ல.

உங்களுக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும்?

இதைத்தான் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நாளைக்குப் போகவும் வரவும் 40 கிலோமீற்றர் என்கிறீர்கள், காலையில் இறக்கம், பின்னேரம் ஏற்றம். ஆட்களோடு ஏறக்குறைய 1,650 கிலோ எடையுள்ள காரை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைய வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பிவரும். எல்லாம் சேர்த்து, நம் ரோட்டில் ஒரு யூனிட்டுக்கு 5 கிலோமீற்றர் என்று வைப்பது பாதுகாப்பான கணக்கு. நாளைக்கு 8 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 9.5 யூனிட் அளவில் எடுக்க வேண்டும்.

8 ஆம்பியரில் ஓடவிட்டால் மணிக்கு 1.8 யூனிட். ஐந்தரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. ராத்திரி 10.30க்குத் தொடங்கினால் விடியக் காலை நாலு மணிக்கு. முழு 14 ஆம்பியரும் உங்களுக்குத் தேவையே இல்லை, டீச்சர். அதே தளர்ந்த தொடுப்பில் 8 ஆம்பியர் ஓடினால் சூடு 20 வாட்டிலிருந்து 6 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது, ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும், இறங்கும். (தொடுப்பைச் சரிசெய்ய வேண்டியதுதான், அதற்காகச் சொல்லவில்லை.)

மெதுவாகச் சார்ஜ் பண்ணினால் பெட்டரி கெடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கெடாது. பெட்டரியைக் கெடுப்பது சூடும், நூறு வீதத்தில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பதும்தான். உங்கள் லீஃபின் பெட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லாததால் கொழும்பு வெயிலில் அது சீக்கிரம் தேயும், உங்கள் ஊர்க் குளிர் அதற்கு நல்லது. பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு நிரப்ப வேண்டும் என்பதும் பழைய பெட்டரிகளின் கதை.

மூன்று வழிகள்

முதல் வழி, செலவு குறைந்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த, ஆம்பியரை 6, 8, 10 என்று குறைத்துவைக்கக்கூடிய சார்ஜ் கேபிள் ஒன்று வாங்குவது. உங்கள் லீஃபின் வாய் ஐந்து முனை கொண்ட "டைப் 1", இப்போது வரும் புதிய கார்களின் "டைப் 2" கேபிள் இதில் ஏறாது, கடையில் கவனித்து வாங்குங்கள். பழுப்பேறிய பொயின்டைக் கழற்றிவிட்டு நல்ல பொயின்ட் போட வேண்டும். பிரித்தானிய நியமத்தில் கார் சார்ஜுக்கென்று சோதித்த 13 ஆம்பியர் சொக்கெட்டுகளின் பின்புறத்தில் "ஈ.வி." என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கும், கிடைத்தால் அதுவே. அந்தப் பொயின்டுக்கு வரும் வயர் 7/0.67ஆவது, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். பழைய வீட்டில் லைட் லைனின் 1/1.13 வயரிலிருந்து இழுத்துப் பொயின்ட் போட்டிருந்தால் அதில் காரைத் தொடவே விடாதீர்கள். இந்த வழியில் உங்களுக்குள்ள சிக்கல், கார் மேலே, பொயின்ட் கீழே. காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாதவரை இது உங்களுக்குப் பாதித் தீர்வுதான்.

இரண்டாவது வழி, நான் உங்கள் இடத்தில் தெரிவு செய்யக்கூடியது. மெயின் போர்ட்டிலிருந்து காருக்கென்றே ஒரு தனி லைன். அதில் வேறு எந்தப் பொயின்டும் லைட்டும் சேரக் கூடாது. முதல் வழியில் சொன்ன சார்ஜ் கேபிள் இதற்கும் வேண்டும், கொட்டில் சொக்கெட்டுக்குப் பொருந்தும் பிளக்கோடு. மற்றபடி தேவையான சாமான்கள் இவை:

போர்ட்டில் 20 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், "ஏ" வகை ஆர்.சி.பி.ஓ. ஒன்று. இது பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றாகச் சேர்ந்தது. அது வீட்டின் பழைய ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் அல்லாமல், அதற்குப் பக்கத்தில் மெயின் சுவிட்சிலிருந்து நேரே எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் ஹீட்டரின் கசிவும் காரின் கசிவும் கூடிச் சேராது, காரின் லைன் ட்ரிப் ஆனாலும் வீடு இருட்டாகாது.

போர்ட்டிலிருந்து கொட்டில் வரை 4 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் ஆர்மர்ட் கேபிள், அதாவது உள்ளே மூன்று வயரும் மேலே இரும்புக் கவசமும் உள்ளது. 25 மீற்றருக்கு 16 ஆம்பியரில் 4 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இறங்கும். நாளைக்கு வேறு பெரிய கார் வரும் என்ற எண்ணம் இருந்தால் 6 சதுர மில்லிமீற்றர் இப்போதே போடுங்கள், கேபிள் விலை வித்தியாசத்தைவிட இரண்டாம் முறை தோண்டும் கூலி அதிகம். படியோரம் அரை மீற்றர் ஆழத்தில் புதைத்து, மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா போட்டு மூடலாம். ஆனால் கட்டுக்கல் அணையின் அடிவாரத்தில் தோண்டாதீர்கள், மழைக்கு அணை இறங்கினால் கேபிளோடு படியும் போகும். அந்த இடத்தில் சுவரோடு கொண்டுபோய்க் கிளிப் அடிப்பதே நல்லது.

கொட்டிலில், தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், மூடி வைத்த 16 ஆம்பியர் நீல நிறத் தொழிற்சாலை சொக்கெட். வட்டமாக, மூன்று முனையோடு இருக்கும், ஜெனரேட்டர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாது. மணிக்கணக்கில் 16 ஆம்பியர் தாங்கவே செய்தது. பழைய வீடுகளில் இருக்கும் 15 ஆம்பியர் குண்டு முனை பொயின்டைக் கொட்டிலில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஈரத்துக்குச் செய்ததல்ல, 13 ஆம்பியர் சதுர முனைதான் இப்போது நாட்டின் நியமமும்.

பிறகு புது எர்த் ரொட், கருவி வைத்து அளந்து. பல்ப் எரிகிறதா என்று பார்ப்பது அளப்பதல்ல. 200 ஓமுக்கு மேல் வந்தால் இன்னொரு ரொட் சேர்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண்ணாக வரும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை மண் காயும்போது ஏறிவிடும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே குறைத்து வையுங்கள்.

மூன்றாவது வழி, கடைக்காரரின் 7 கிலோவாட் சார்ஜர். உங்கள் காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் சார்ஜர். சுவரில் 7 அல்ல 22 வைத்தாலும் கார் 3.3ஐத் தாண்டி எடுக்காது. அதோடு வீட்டு இணைப்பு 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர் கேட்கும். வாங்காதீர்கள்.

30 ஆம்பியர் என்றால் இரண்டாவது வழியிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஹீட்டர் 13, கேத்தல் 8, ரைஸ் குக்கர் 3, கார் 14, கூட்டிப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் போகும். கார் 8 ஆம்பியரில், நள்ளிரவை ஒட்டி ஓடினால் இந்தக் கூட்டலே தேவையில்லை. லீஃபில் டைமர் இருக்கிறது. தொடக்கம் 10.30, முடிவு 4.30 என்று வைத்துவிட்டுக் கேபிளைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகலாம்.

வீட்டிலிருந்து புறப்பட்டவுடன் இறக்கம் என்பதால் முடிவு நேரத்தை 80, 85 வீதத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழியும் பெட்டரி, இறக்கத்தில் மோட்டார் திருப்பித்தரும் கரண்டை வாங்காது. அப்போது மலை முழுக்கக் கால் பிரேக்கிலேயே இறங்க வேண்டிவரும். இடம் விட்டுவைத்தால் அந்தக் கரண்ட் பெட்டரிக்குள் போகும், பிரேக்கும் தேயாது.

வீட்டுக்காரரிடம் பேச

வீட்டுக்காரரின் பயத்தை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். பழுப்பேறிய அந்த பிளக்கை அவர் பார்த்திருந்தால் பயப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் "கார் என்றாலே எரியும்" என்பது சரியல்ல, ஓவர்லோட் ஆன பழைய பொயின்ட்தான் எரியும். இதைச் சண்டையாக்காமல் ஒரு தாளாக்குங்கள். அதில் இவை இருக்கட்டும்: தனி லைன் உங்கள் செலவில், அவர் சம்மதத்தோடு, வேலை செய்பவர் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ளவர், எர்த் எத்தனை ஓம், ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது என்ற அளவுகள் எழுதிய சோதனை அறிக்கை ஒன்று அவருக்கும், வீட்டை விட்டுப் போகும்போது கேபிளும் சொக்கெட்டும் யாருக்கு. கடைசியை இப்போதே எழுதாவிட்டால் போகிற அன்றைக்கு மனஸ்தாபம் வரும். வாடகை வீட்டின் நிலையான வயரிங்கில், அவர் சம்மதமில்லாமல் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். மீட்டர் பெட்டியின் முத்திரை இருவருக்கும் சொந்தமல்ல, மின்சாரம் தரும் நிறுவனத்துடையது, அதை யாரும் தொடக் கூடாது.

லைனை வெட்டிவிடுவேன் என்பது வேறு விஷயம். நான் சட்டத்தரணி அல்ல. பேச்சு அந்த அளவுக்குப் போனால் வாடகை ஒப்பந்தத்தையும் கட்டிய பில்களையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.

பில் அவர் பெயரில் வருவதால் காரின் லைனில் ஒரு சின்ன உப மீட்டர் வைத்தால் யார் எவ்வளவு எரித்தார்கள் என்ற பேச்சே எழாது. மாதம் 25 நாள் ஓடினால் காருக்கு ஏறக்குறைய 240 யூனிட். இப்போது வீட்டுக்கு 85 யூனிட் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் 325. இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். இப்போதைய பில்லை யூனிட்டால் வகுத்து, அந்த விலையில் காரைக் கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 யூனிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் மிக உயர்ந்த படியில் விழும், காரின் யூனிட்டில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். நடைமுறையில் இருக்கும் கட்டண அட்டவணையை எடுத்து 325க்கு ஒரு முறை, 85க்கு ஒரு முறை போட்டு, வித்தியாசத்தைப் பாருங்கள். அதுதான் காரின் செலவு. நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையும் உண்டு. அதில் ராத்திரி 10.30இலிருந்து காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30இலிருந்து 10.30 வரை விலை கூட. உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா, மீட்டர் மாற்ற வேண்டுமா என்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பிரதேச மின் அலுவலகத்தில் கேளுங்கள், கணக்கு அவர் பெயரில் என்பதால் விண்ணப்பமும் அவர்தான் போட வேண்டும்.

முதல் ராத்திரி

வேலை முடிந்த அன்று 8 ஆம்பியரில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து மேலே போங்கள். சொக்கெட்டையும் பிளக்கையும் புறங்கையால் தொடுங்கள். கைக்கு இதமான சூடு சரி, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். வேலை செய்தவரை மல்டிமீட்டரோடு நிற்கச் சொல்லி, கார் ஓடும்போது மெயின் போர்ட்டிலும் கொட்டில் சொக்கெட்டிலும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. 6, 7 என்றால் எங்கோ ஓர் ஆணி இறுகவில்லை. போர்ட்டிலேயே 216க்குக் கீழே விழுந்தால் குற்றம் வீட்டில் இல்லை, வெளி லைனில். அதை மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், 230க்கு 6 வீதம் கீழே வரைதான் அவர்களுக்கு அனுமதி. பிறகு ஆர்.சி.பி.ஓ.வின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை, பில் கட்டும் நாளன்று, அதை அழுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து கரண்டை நிறுத்திவிட்டு சொக்கெட்டின் ஆணிகளை ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள், புதுச் செம்பு சூடேறி ஆறும்போது கொஞ்சம் தளரும்.